ஆர்டர் பெருகுகிறது, கையில் பணம் இல்லை: ஒப்புக்கொள்வதா, விடுவதா?

பெட்டிப்பட்டறை எழுதியது, திங்கள் இரவு

வணக்கம். அட்டைப்பெட்டி செய்யும் சிறிய பட்டறை ஒன்றை ஒன்பது ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். மூன்றடுக்கு, ஐந்தடுக்குப் பெட்டிகள். என்னோடு ஆறு பேர் வேலை செய்கிறார்கள். வரும் வியாழக்கிழமைக்குள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். வீட்டில் இதைப் பற்றிப் பேசும் துணிவு இன்னும் வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் மாத விற்பனையை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 60 பங்கு ஒரே பெரிய நிறுவனத்துக்குப் போகிறது. தொடங்கிய காலத்தில் 30 நாள் கெடுவில் பணம் கொடுத்தார்கள். பிறகு அது 60 ஆனது, பிறகு 90. கையில் வந்து சேர்வதற்கு 105 நாள் ஆகிறது. இப்போது அதே நிறுவனம், ஆர்டரை 40% கூட்டித் தருகிறோம், ஆனால் பழைய ஆர்டர், புதிய ஆர்டர் எல்லாவற்றுக்கும் கெடு 120 நாள் என்கிறது.

இது நல்ல செய்தி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை.

100க்கு விற்றால், பெட்டி செய்யும் கிராஃப்ட் தாளுக்கு 62 போகிறது. கூலி 14. வாடகை, மின்சாரம், பசை, வண்டி எல்லாம் சேர்த்து 12. மீதி 12 எனக்கு நிற்க வேண்டும். ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது லாபம் என்று ஓர் எண் வருகிறது. அதற்கு வரியும் கட்டுகிறேன். ஆனால் வங்கிக் கணக்கில் அந்த எண்ணை நான் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. தாள் ஆலையின் முகவர் 15 நாளில் பணம் கேட்கிறார். ஒரு வாரம் தள்ளினாலும் அடுத்த ரீல், அதாவது தாள் சுருள், இறங்காது. அந்த இடைவெளியை ஓவர்டிராஃப்ட், அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் வங்கி எடுக்கவிடும் கடன், கொண்டு நிரப்புகிறேன். அதற்கு வட்டி ஆண்டுக்கு 18%.

கடந்த ஐந்து மாதமாக நான் எனக்கென்று சம்பளம் எடுக்கவில்லை. ஆறு பேருக்கும் ஒருநாள் பிந்தாமல் கொடுத்துவிட்டேன். அதில் மட்டும் தவறவில்லை. போன மாதம் தையல் இயந்திரத்தில் இருக்கும் அம்மா, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு முன்பணம் கேட்டார். ஒன்பது ஆண்டுகளில் அவர் கேட்ட முதல் முன்பணம். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொன்னேன். அப்போது அந்த நிறுவனத்திடமிருந்து எனக்கு வர வேண்டிய பணம் அந்தக் கட்டணத்தைப் போல முந்நூறு மடங்கு இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னது என்னை இன்றுவரை உறுத்துகிறது.

ஆர்டரை ஏற்றால் மூச்சு முட்டும். மறுத்தால் 60 பங்கும் போய்விடுமோ என்று பயம். பணம் கேட்டு அவர்கள் கணக்குப் பிரிவுக்குத் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் என் பணத்தை நானே யாசகம் கேட்பதைப் போல இருக்கிறது. இதற்கெல்லாம் சட்டம் ஏதும் உதவுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

ஓய்வுபெற்ற கணக்கர் எழுதியது, செவ்வாய் காலை

அம்மா, எண்களை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலோர் உணர்ச்சியை மட்டும் எழுதுவார்கள். பதில் சொல்ல ஒன்றும் இருக்காது. முப்பத்தைந்து ஆண்டுகள் சிறு தொழில்களின் கணக்கைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்களுக்கு நட்டம் இல்லை. உங்கள் பணம் முடங்கிக் கிடக்கிறது. இரண்டும் வெவ்வேறு நோய்.

ரீல் வந்து கிடங்கில் சராசரியாக எத்தனை நாள் இருக்கிறது என்று நீங்கள் சொல்லவில்லை. 20 நாள் என்று கொள்கிறேன். பெட்டி ஆக 5 நாள். அங்கிருந்து பணம் வர 105. மொத்தம் 130 நாள். தாளுக்கு 15ஆம் நாளே பணம் கட்டிவிடுகிறீர்கள். ஆகவே தாளில் போட்ட ஒவ்வொரு காசும் 115 நாள் கழித்துத்தான் திரும்பி வருகிறது. கூலியும் மற்ற செலவும் சுமார் 100 நாள் கழித்து வருகின்றன. 18% வட்டியில் கணக்கிட்டால், தாளின் 62க்கு மூன்றரைப் பங்கு, மற்ற 26க்கு ஒன்றேகால் பங்கு. உங்கள் 12இல் ஏறத்தாழ 5 பங்கு, காத்திருப்பதற்கு நீங்கள் கட்டும் விலை. அந்த நிறுவனத்துக்கு நீங்கள் பெட்டி மட்டும் விற்கவில்லை, பெட்டியோடு கடனும் சேர்த்து விற்கிறீர்கள். கடனுக்கான விலையைப் பில்லில் போடவில்லை.

இப்போது புதிய ஆர்டர். அவர்களிடம் நிலுவையில் இருப்பது இன்று 60 பங்கின் மூன்றரை மாதம், அதாவது 210. புதிய ஏற்பாட்டில் மாதம் 84 பங்கு. கெடு 120 என்றாலும் அவர்களுடைய வழக்கப்படி 135 நாள் ஆகும் என்று எடுத்துக்கொண்டால், நாலரை மாதம், 378. கூடுதல் 168. அதில் உங்கள் லாபத்தைக் கழித்துக் கைக்காசு மட்டும் பார்த்தால் 148 பங்கு. இன்றைய உங்கள் முழு மாத விற்பனையைப் போல ஒன்றரை மடங்கு பணத்தை எங்கிருந்தாவது புரட்டிப் போட வேண்டும். உங்கள் ஓவர்டிராஃப்ட் வரம்பு அதைத் தாங்காது என்றுதான் ஊகிக்கிறேன். நட்டத்தால் மூடிய கடைகளைவிட, வளர்ச்சியைத் தாங்க முடியாமல் மூடிய பட்டறைகளையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சட்டம் கேட்டீர்கள். எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று தெரியாது. பல நாடுகளில் இருக்கிறது. பிரிட்டனில் 1998ஆம் ஆண்டுச் சட்டம், தாமதித்த பணத்துக்கு அந்நாட்டு மைய வங்கியின் அடிப்படை விகிதத்துக்கு மேல் 8% வட்டி கேட்கும் உரிமையைத் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு ஆணை, அரசு அமைப்புகளுக்குப் பொதுவாக 30 நாள் என்றும், நிறுவனங்களுக்கிடையே 60 நாள் என்றும் வரையறுக்கிறது. ஆனால் நிறுவனங்கள் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அது மிக மோசமான அநீதியாக இல்லாவிட்டால் 60ஐத் தாண்டலாம் என்று ஒரு வாசலும் வைத்திருக்கிறது. இந்தியாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில், குறு, சிறு தொழிலிடம் வாங்கியவர் எழுத்தில் ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது; தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டு வட்டி. உங்கள் நாட்டில் என்ன இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். ஆனால் 60 பங்கு வேலை தருபவர்மீது சிறு தொழில் நடத்துபவர் வழக்குப் போடுவதில்லை என்பது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். சட்டத்தைப் பேச்சுவார்த்தையில் மேசைமேல் வைக்கலாம். அதுகூட ஒரு பலம்தான்.

ஒன்று செய்து பாருங்கள். 30 நாளில் பணம் தந்தால் 2% தள்ளுபடி என்று எழுதிக் கேளுங்கள். 105க்குப் பதில் 30 என்றால் உங்களுக்கு 75 நாள் வட்டி மிச்சம், 100க்கு விற்றதில் நீங்கள் போட்ட 88க்கு அது மூன்றேகால். கொடுப்பது இரண்டு. அவர்கள் பக்கம் பார்த்தால், 75 நாள் முன்னதாகக் கொடுத்து 2% பெறுவது ஆண்டுக்கு 10% வருமானம். கையில் பணம் தேங்கியிருக்கும் நிறுவனத்துக்கு அது கசக்காது.

---

பெட்டிப்பட்டறை எழுதியது, செவ்வாய் மதியம்

ஐயா, இந்த 5 பங்கு கணக்கை மூன்று முறை போட்டுப் பார்த்தேன். கிடங்கில் 20 நாள் என்று நீங்கள் ஊகித்தது சரி. எனக்கு 22 வருகிறது. ஒன்பது ஆண்டில் யாரும் எனக்கு இதை இப்படிச் சொல்லவில்லை. வட்டி என்பது வங்கிக்குப் போகும் ஒரு செலவு என்று மட்டுமே நினைத்திருந்தேன். அது ஒரு குறிப்பிட்ட வாடிக்கையாளருக்காக நான் கட்டுவது என்று பார்த்ததே இல்லை. மற்ற 40 பங்கு வாடிக்கையாளர்கள் பதினோரு பேர். அவர்களில் எட்டுப் பேர் 30 நாளில் கொடுத்துவிடுகிறார்கள். பெரியவரை விட்டுவிடுவோமோ என்ற பயத்தில் அந்த எட்டுப் பேருடைய பெட்டிகளைத்தான் எப்போதும் பின்னால் தள்ளியிருக்கிறேன்.

---

கொள்முதல் மேசை எழுதியது, செவ்வாய் மாலை

நான் எதிர்ப்பக்கத்தில் இருந்தவன். ஒரு பெரிய உற்பத்தி நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் பதினான்கு ஆண்டுகள். சகோதரி, உங்கள் கெடு 90, வருவது 105 என்கிறீர்கள். அந்த 15 நாளைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். அது பெரும்பாலும் பிடிவாதம் இல்லை, ஓட்டை.

பெரிய நிறுவனத்தில் ஒரு பில்லுக்குப் பணம் விடுபட மூன்று தாள்கள் ஒத்துப்போக வேண்டும். கொள்முதல் ஆணை, சரக்கு வந்து சேர்ந்ததாகக் கிடங்கு போடும் வரவுச் சீட்டு, உங்கள் பில். எண்ணிக்கை ஒரு பெட்டி மாறினாலும், ஆணை எண் ஒரு இலக்கம் தவறினாலும் கணினி அந்தப் பில்லை நிறுத்தி வைக்கும். உங்களுக்கு யாரும் தகவல் சொல்ல மாட்டார்கள். நீங்கள் தொலைபேசியில் கேட்டால் எதிர்முனையில் இருப்பவர் "அடுத்த சுற்றில் வரும்" என்பார். அவருக்கும் ஏன் நின்றது என்று தெரிந்திருக்காது. பணம் விடும் சுற்று பல இடங்களில் மாதம் இரண்டு முறைதான். ஒரு சுற்றைத் தவறவிட்டால் அங்கேயே 15 நாள் போயிற்று.

இன்னொன்று. கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது? உங்கள் பில்லில் இருக்கும் தேதியிலிருந்தா, அவர்கள் அதைப் பதிவு செய்த தேதியிலிருந்தா? நீங்கள் மாதக் கடைசியில் பில்களைச் சேர்த்து அனுப்பும் பழக்கம் உள்ளவரா? அப்படியானால் முதல் வாரம் இறங்கிய பெட்டிக்கு நீங்களே மூன்று வாரம் கூடுதல் கடன் கொடுத்திருக்கிறீர்கள்.

நாளை காலை கணக்குப் பிரிவுக்குப் பேசாதீர்கள். எழுதுங்கள். "எங்கள் பெயரில் நிலுவையில் உள்ள எல்லாப் பில்களின் பட்டியல், ஒவ்வொன்றின் நிலை, நிறுத்தப்பட்டிருந்தால் காரணம்" என்று கேளுங்கள். இது யாசகம் இல்லை, கணக்கு ஒத்துப்பார்ப்பது. அவர்களுடைய தணிக்கைக்கும் அது தேவை. அந்த இருக்கையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அழுது கேட்டவர்களை நாங்கள் மறந்துவிடுவோம். பட்டியலோடு கேட்டவர்களின் பில்லைத் தேடி எடுப்போம். அது நியாயமில்லைதான். ஆனால் நடந்தது அதுதான்.

கெடுவை 120 ஆக்குவது கொள்முதல் மேலாளரின் முடிவாக இருக்காது. நிதிப் பிரிவு எல்லா விற்பனையாளருக்கும் ஒரே கடிதமாக அனுப்பியிருக்கும். மேலாளருக்கு வேண்டியது நேரத்துக்குப் பெட்டி. உங்களால் அவருடைய உற்பத்தி ஒருநாளும் நிற்கவில்லை என்றால், அவர் உங்களுக்காக நிதிப் பிரிவிடம் ஒரு விலக்குக் கேட்கக்கூடும். யாரிடம் என்ன கேட்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

---

தகடு வேலை எழுதியது, செவ்வாய் இரவு

நான் தகடு வெட்டி வளைக்கும் பட்டறை வைத்திருக்கிறேன். இது இரண்டாவது பட்டறை. முதலாவதை இழந்த கதை நீளம், சுருக்கமாகச் சொல்கிறேன். என் விற்பனையில் 80 பங்கு ஒரே இடம். அவர்கள் கடையை மூடினார்கள். சொத்தை விற்றபோது, அடமானம் வைத்திருந்த வங்கிக்கு முதல் உரிமை. பிணை ஏதும் இல்லாமல் சரக்கு கொடுத்த என் போன்றவர்கள் வரிசையின் வால். எனக்கு ஒன்றும் வரவில்லை. "பணம் வரும்வரை சரக்கு எனக்கே சொந்தம்" என்று பில்லில் அச்சடித்து வைத்திருந்தேன். ஆனால் என் தகடு அவர்களுடைய இயந்திரத்துக்குள் போய், அது யாருக்கோ விற்றும் போயிருந்தது. உங்கள் பெட்டியும் அப்படித்தான், தங்கச்சி. ஒருமுறை சரக்கை அடைத்து அனுப்பிவிட்டால் திரும்பி வராது. இந்தப் புதிய ஆர்டரை ஏற்றால் உங்கள் 124இல் 84 அவர்களுடையது. 68 விழுக்காடு. அதை மட்டும் யோசியுங்கள்.

ஆனால் மறுத்துவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. இரண்டாவது பட்டறையில் நான் கற்றுக்கொண்ட ஒரு வழி இருக்கிறது. உங்கள் செலவில் பெரியது தாள், 62. அந்தத் தாளை அவர்களையே வாங்கித் தரச் சொல்லுங்கள். நீங்கள் பெட்டியாக்கிக் கொடுத்துக் கூலி மட்டும் பில் போடுங்கள். எங்கள் தொழிலில் இதை ஜாப் ஒர்க் என்பார்கள். பெரிய நிறுவனம் தாள் வாங்கினால் உங்களைவிட மலிவாகவும் கிடைக்கும், கடனிலும் கிடைக்கும். உங்கள் பணம் முடங்குவது 88இல் இல்லை, 26இல் மட்டும்.

பழைய 60 பங்கைப் பழையபடி 90 நாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கூடுதலாக வரும் 24 பங்கை மட்டும் இந்த முறையில் கேளுங்கள். கணக்கர் ஐயா சரிபார்க்கட்டும், எனக்கு முடங்கும் பணம் 22 பங்கு என்று வருகிறது. 148 எங்கே, 22 எங்கே.

சிரமமும் இருக்கிறது. அவர்கள் தாளைத் தனியாக அடுக்க இடம் வேண்டும். வரவு, செலவு, மிச்சம் தனி ஏட்டில். தீ பிடித்தால் யார் காப்பீடு என்று எழுத்தில் வேண்டும். சேதாரம் எவ்வளவு என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும். இதில்தான் சண்டை வரும். என் முதல் ஜாப் ஒர்க்கில் சேதாரம் பேசவில்லை. வெட்டியது போக மிஞ்சிய துண்டுகளை எடைபோட்டு என் கூலியில் கழித்தார்கள்.

---

ஓய்வுபெற்ற கணக்கர் எழுதியது, புதன் காலை

தகடு வேலை அண்ணன் சொன்ன 22 சரி. 24 பங்கு, மூன்றரை மாதம், அதில் 26%. நான் சொல்லியிருக்க வேண்டிய யோசனை இது, எனக்குத் தோன்றவில்லை. இந்த முறைக்கு வரி விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. கையெழுத்துக்கு முன் உங்கள் கணக்கரிடம் கேட்டுவிடுங்கள்.

---

பெட்டிப்பட்டறை எழுதியது, வெள்ளி இரவு

அனைவருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

புதன்கிழமை காலை, கொள்முதல் மேசை அண்ணன் சொன்னபடி பட்டியல் கேட்டு எழுதினேன். மாலையே வந்துவிட்டது. என் பெயரில் ஏழு பில்கள் நிறுத்தப்பட்டிருந்தன. ஏழு! மூன்றில் சலான் (சரக்கோடு நாங்கள் அனுப்பும் சீட்டு) எண்ணிக்கையும் கிடங்கு எண்ணிக்கையும் மாறியிருந்தன. ஒன்றில் இருபது பெட்டி, மற்ற இரண்டில் ஒன்றிரண்டு. இரண்டில் நான் பழைய ஆணை எண்ணைப் போட்டிருந்தேன். மீதி இரண்டில் எங்கள் வண்டிக்காரர் கிடங்கின் முத்திரை வாங்காமல் வந்திருந்தார். அவரைத் திட்டத்தான் போனேன். அங்கே முத்திரை போடுபவர் மதிய உணவுக்குப் போனால் ஒரு மணி நேரம் ஆகும், அதற்குள் நீங்களே அடுத்த நடைக்குக் கூப்பிட்டுவிடுகிறீர்கள் என்றார். உண்மைதான். ஐந்து பில்களை அன்றே திருத்தி அனுப்பினேன். முத்திரை இல்லாத இரண்டுக்கு நானே நேரில் போய் வாங்கி வந்தேன்.

மாதக் கடைசியில் சேர்த்துப் பில் போடும் பழக்கமும் எனக்கு இருந்தது. இனி வண்டி கிளம்பும்போதே பில்லும் கிளம்பும்.

வியாழக்கிழமை மேலாளரைப் பார்த்தேன். பேசுவதற்கு முன் கை நடுங்கியது. தாளில் எழுதியதைப் பார்த்தே படித்தேன். ஒன்பது ஆண்டில் உங்கள் உற்பத்தி எங்களால் ஒரு நாளும் நிற்கவில்லை. 120 நாள் கெடுவில் எங்களால் தாக்குப்பிடிக்க முடியாது. கூடுதல் ஆர்டரை ஜாப் ஒர்க்காகச் செய்ய முடியும். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "வேறு இரண்டு பேரும் இதே 120க்கு முடியாது என்றுதான் சொன்னார்கள்" என்றார். எனக்குப் பின்னால் பதினைந்து பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று இவ்வளவு காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் கிடைத்துவிடவில்லை. பழைய 60 பங்குக்கு 90 நாள் இந்த ஆண்டு முடியும்வரை மட்டும். அதற்குப் பிறகு மறுபடி பேச வேண்டும். 2% தள்ளுபடியை நிதிப் பிரிவு பார்க்கும் என்றார்கள், பதில் இல்லை. ஜாப் ஒர்க்குக்கு ஒப்புக்கொண்டு, முதல் மூன்று மாதம் சோதனை என்றார்கள். அதற்கான வரைவைத் திங்களன்று தர வேண்டும்.

திருத்தி அனுப்பியதில் நான்கு பில்களுக்கு இன்று பணம் வந்தது. தையல் இயந்திர அம்மாவைக் கூப்பிட்டு முன்பணத்தைக் கொடுத்தேன். கட்டணத்தை ஏற்கெனவே வேறு ஒருவரிடம் வாங்கிக் கட்டிவிட்டாராம். அதற்கு வட்டி எவ்வளவு என்று கேட்டேன். அவர் சொல்லவில்லை. அந்தக் கடனை அடைக்க இதை வைத்துக்கொள்ளுங்கள் என்று கையில் வைத்தேன்.

வரைவில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. சேதாரம் எத்தனை விழுக்காடு என்று எழுதுவது?

---

தகடு வேலை எழுதியது, வெள்ளி இரவு

யாரையும் கேட்காதீர்கள், தங்கச்சி. என் கணக்கு தகட்டுக்கு. உங்கள் தாளுக்குப் பொருந்தாது. கடைசி மூன்று மாதத்தில் இறங்கிய ரீல்களின் எடை உங்கள் தாள் பில்லில் இருக்கும். அந்த மூன்று மாதம் தொடங்கும்போது கிடங்கில் இருந்த ரீலையும் அதோடு கூட்டுங்கள். போன பெட்டிகளின் எடை சலானில் வரும். பெட்டியில் ஏறிய பசையின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். கிடங்கில் மிஞ்சிய ரீலை நாளை நிறுத்துப் பாருங்கள். வரும் எண்ணுக்கு மேல் ஒரு விழுக்காடு கூட்டி எழுதுங்கள். புதிய அளவுப் பெட்டி ஓட்டும் முதல் நாளில் கழிவு எப்போதும் கூடும். அதைத் தனி வரியாகவே போட்டுவிடுங்கள். வெட்டுத்துண்டு யாருக்குச் சொந்தம் என்பதையும் அதன் கீழே எழுதுங்கள்.

---

பெட்டிப்பட்டறை எழுதியது, சனி காலை

தராசைத் துடைத்து வைத்திருக்கிறேன். எட்டு மணிக்கு ஆட்கள் வந்ததும் தொடங்குகிறோம்.